மான் தோல் உரிக்க எந்தக் கத்தி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நான் இருக்கிற விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் ஒன்பது நாள்தான். நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. ஆனால் "எந்தக் கத்தி வாங்கறது?" என்ற கேள்வி மட்டும் எனக்கு ஆகஸ்டிலேயே வர ஆரம்பித்துவிடும். நம் ஆட்கள் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்து, லைசென்ஸ் எடுத்து, ஆரஞ்சு ஜாக்கெட்டும் துப்பாக்கியும் வாங்கி, கடைசியில் கத்தியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் ஒரு சுவர் முழுக்கக் கத்தி தொங்கினால் யாருக்குத்தான் குழம்பாது?

சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இங்கே பேச்சு முழுக்க வெள்ளைவால் மானைப் பற்றித்தான். எல்க், கரடி எல்லாம் எனக்குப் பழக்கமில்லை.

1. தனியா ஒரு கத்தி வேணுமாண்ணா? கிச்சன்ல இருக்கிறது போதாதா?

முதல் மானுக்குப் போதும். நானும் காய் நறுக்குகிற கத்தியோடுதான் முதலில் போனேன். தோலும் வந்தது, கூடவே தோலில் ஏழெட்டு ஓட்டையும் வந்தது. வீட்டுக் கத்தியின் முனை ஊசிமாதிரி நீண்டிருக்கும். பலகையில் வைத்து நறுக்கத்தான் அது சரி. தொங்குகிற உடம்பில், தோலுக்கும் கறிக்கும் நடுவே போனால், முனை எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது. கையில் கொழுப்பு ஏறினால் அந்த வழவழப்பான பிடியும் நழுவும்.

தோல் உரிக்கும் கத்திக்கு மூன்று அடையாளம் உண்டு. அலகு குட்டையாக இருக்கும். வாய், அதாவது வெட்டுகிற ஓரம், நன்றாக வளைந்து வயிறு தள்ளினமாதிரி இருக்கும். முனை நீட்டிக்கொண்டு நிற்காது. மற்றதெல்லாம் காசுக்கும் ஆசைக்கும் ஏற்றபடி.

2. வயிறு திறக்கிறதுக்கும் தோல் உரிக்கிறதுக்கும் ஒரே கத்தியா, ரெண்டா?

இரண்டும் வேறு வேலை. மான் விழுந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட வேண்டும். சூடு வெளியேறினால்தான் கறி கெடாது. அந்த வேலைக்கு முனை வேண்டும். வயிற்றுத் தோலைச் சின்னதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு மேலே தூக்கி, விரல்களுக்கு நடுவே கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி நகர்த்திக்கொண்டே போகணும். முனை கீழே சாய்ந்தால் இரைப்பையோ மூத்திரப்பையோ கிழியும். அந்த நாற்றம் ஒருமுறை பட்டால் அப்புறம் மறக்காது.

தோல் உரிப்பது வீட்டுக்கு வந்து, தொங்கவிட்டபிறகு. அங்கே முனைக்கு வேலையே இல்லை, வளைவுக்குத்தான் வேலை. நடுத்தரமான ஒரு கத்தி வாங்கினால் இரண்டையும் சமாளிக்கும். இரண்டு கத்தி வாங்கித்தான் ஆகணும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு மானுக்கு ஒரே கத்தி போதும்.

3. நீளம் எவ்வளவு இருக்கணும்?

மூன்றிலிருந்து நான்கு அங்குலம். செ.மீ. கணக்கில் எட்டிலிருந்து பத்து. ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகில் நீட்டி வைத்தால், விரல் நுனி முனைக்குப் பக்கத்தில் வரணும். அப்படி இருந்தால் விரல் போகிற இடத்துக்குக் கத்தியும் போகும். ஏழு அங்குலக் கத்தி இடுப்பில் தொங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மானின் நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தொண்டைக்குழாயை அறுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

4. ட்ராப் பாயிண்ட், கிளிப் பாயிண்ட், ஸ்கின்னர்... தலை சுத்துது. எது?

கிளிப் பாயிண்ட் என்றால் முதுகுப் பக்கத்தை முனைக்கு அருகே வெட்டி எடுத்தமாதிரி இருக்கும். முனை கூர்மையாக மேலே போகும். ட்ராப் பாயிண்ட்டில் முதுகு மெல்லச் சரிந்து வந்து முனையில் சேரும். முனை அலகின் நடுக்கோட்டுக்கு இறங்கிவிடும். ஸ்கின்னர் என்று விற்பதில் வாய் அரைவட்டமாக வளைந்து, முனை கிட்டத்தட்ட மழுங்கியே இருக்கும்.

வேட்டைக் கத்தியில் ட்ராப் பாயிண்ட்டைப் பெரிதாகப் பரப்பியவர் பாப் லவ்லெஸ். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கத்தி செய்துகொண்டிருந்தவர், 2010-இல் காலமானார். இன்று கடையில் தொங்குகிற வேட்டைக் கத்திகளில் பாதிக்கு மேல் அவர் போட்ட கோட்டின் பேரப்பிள்ளைகள் என்று தைரியமாகச் சொல்லலாம். முனை கீழே இறங்கியிருப்பதால் வயிற்றைத் திறக்கும்போது குடலில் குத்தாது. வளைவும் போதுமான அளவு இருப்பதால் தோலுக்கும் ஆகும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். முழு ஸ்கின்னர் வடிவம் நாளைக்குப் பத்து மான் உரிக்கிறவர்களுக்கு.

5. முதுகுல கொக்கி வெச்ச கத்தி பார்த்தேன். ஜிப் தொறக்கிற மாதிரி வயித்த தொறக்குமாமே?

கட் ஹூக் (gut hook), அதாவது குடல் கொக்கி என்பார்கள். முதல் ஒரு அடிக்கு நிஜமாகவே ஜிப் மாதிரிதான் போகும். அப்புறம் அந்தக் கொக்கிக்குள் மயிர் அடைத்துக்கொள்ளும், நின்றுவிடும். நான் வாங்கிய இரண்டாவது கத்தியே கொக்கி வைத்ததுதான். பனியில் மண்டி போட்டுக்கொண்டு, விறைத்த விரலால் கொக்கியிலிருந்து ரத்தமும் மயிரும் கலந்த உருண்டையை நோண்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்முன்னாடி நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் கொக்கியின் உட்புறத்தைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது. ஒல்லியான உருண்டை அரம் வேண்டும். முதுகில் கொக்கி இருந்தால் 3-ஆம் பதிலில் சொன்னபடி விரலையும் நீட்டி வைக்க முடியாது. வேண்டாம்.

6. மடக்குக் கத்தி வாங்கலாமா? பாக்கெட்ல வெச்சுக்க வசதியா இருக்குமே?

வாங்கலாம், பாவமில்லை. பக் கம்பெனியின் 110 என்கிற மடக்குக் கத்தி 1964-இலிருந்து விற்கிறது. பித்தளை முனைகளும் மரப்பிடியுமாக ஆள் கனமாக இருக்கும். இங்கே என் பக்கத்து வீட்டுத் தாத்தா அதை வைத்துத்தான் நாற்பது வருஷமாக மான் உரிக்கிறார். அவர் கையில் அது கத்தியாகவே தெரியாது.

சிக்கல் கழுவுவதில். மடக்குகிற பள்ளத்துக்குள் ரத்தம், கொழுப்பு, மயிர் எல்லாம் போய் உறைந்துவிடும். வெந்நீரும் பழைய பல்துலக்கியும் பல்குச்சியும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரணும். மடங்காத கத்தியைக் குழாயில் காட்டினால் முடிந்தது வேலை. இரவு பதினொரு மணிக்கு, நாள் முழுக்க மரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு எது பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

7. பிளேடு மாத்திக்கிற கத்தி வந்திருக்காம். தீட்டவே வேண்டாமாம். அதுதான பெஸ்ட்டு?

ஹாவலான் போன்றவை. ஆபரேஷன் கத்திமாதிரி மெல்லிய பிளேடு. மொட்டையானால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். கூர் விஷயத்தில் அதோடு போட்டியே போட முடியாது. தீட்டத் தெரியாதவர்களுக்கு வரப்பிரசாதம்.

ஆனால் மூட்டில் வைத்துத் திருகினால் சட்டென்று உடையும். உடைந்த துண்டு கறிக்குள் போனால் அதைத் தேடி எடுக்கும்வரை வேறு வேலை ஓடாது. பிளேடைக் கையால் கழற்றவும் கூடாது, குறடு வேண்டும். கொழுப்புக் கையோடு கழற்றப்போய் விரலைக் கிழித்துக்கொண்டவரை எனக்குத் தெரியும். தோலுக்கு மட்டும், மூட்டுப் பக்கமே போகாமல், நிதானமாக வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பழைய பிளேடுகளைப் போட மூடி உள்ள ஒரு டப்பா பையில் இருக்கட்டும்.

8. 420எச்சி, 1095, டி2, எஸ்30வி... இந்த நம்பரெல்லாம் என்ன?

எல்லாம் எஃகின் ரகம். நம் ஊர்க் கொல்லர் "பதம்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை இவர்கள் நம்பர் நம்பராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1095 என்பது கரி எஃகு. நூற்றுக்கு ஏறக்குறைய 0.95 பங்கு கரி. சீக்கிரம் தீட்டலாம், நல்ல கூர் வரும், ஆனால் ஈரத்தோடு விட்டால் காலையில் துரு. நம் வீட்டு அரிவாள்மணை நினைவுக்கு வந்தால் சரியாகப் புரிந்துகொண்டீர்கள். 420எச்சி துருப்பிடிக்காத ரகம். கூர் ரொம்ப நாள் நிற்காது, ஆனால் நாலு இழுப்பில் திரும்ப வந்துவிடும். டி2-வில் குரோமியம் 12 பங்கு அளவுக்கு இருக்கும். துருவை ஓரளவு தாங்கும், கூரும் நிற்கும், ஆனால் மழுங்கினால் தீட்டத் தோள் வலிக்கும். எஸ்30வி 2001-இல் குருசிபிள் கம்பெனி கத்திக்கென்றே கொண்டுவந்த பொடி எஃகு. இரண்டு மூன்று மானுக்குக் கல்லையே தொடவேண்டாம். விலையும் அப்படித்தான்.

நம்பரை விட முக்கியம் தோய்ச்சல். அதாவது எஃகைச் சூடாக்கி, தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்க்கிற வேலை. அது சரியாக அமைந்த 420எச்சி, அரைகுறையாக வெந்த விலை உயர்ந்த எஃகை நிச்சயம் ஜெயிக்கும். பேர் தெரியாத கம்பெனி "டி2" என்று பொறித்து இருபது டாலருக்கு விற்பதை நான் நம்புவதில்லை.

எனவே கேட்கவேண்டிய கேள்வி, "நான் தீட்டுவேனா?" என்பதுதான். தீட்டப் பழகுகிற ஆள் என்றால் மெதுவான எஃகு. தீட்டமாட்டேன், வருஷத்துக்கு ஒருமுறை கடையில் கொடுப்பேன் என்றால் கெட்டியான எஃகு. சோம்பேறி என்று ஒத்துக்கொள்பவர்களுக்கு 7-ஆம் பதில் இருக்கிறது.

9. டமாஸ்கஸ் கத்தி அலை அலையா அழகா இருக்கு. அது நம்ம தமிழ்நாட்டு எஃகுதானாமே, வாங்கட்டுமா?

பாதி உண்மை. பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களுக்கான எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. மூசையில் உருக்கிச் செய்த எஃகு அது. உக்கு, உருக்கு என்ற சொல்லிலிருந்துதான் வெள்ளைக்காரர்களின் "ஊட்ஸ்" வந்தது என்பார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இன்று கடையில் டமாஸ்கஸ் என்று விற்பது வேறு. இரண்டு ரக எஃகைத் தகடு தகடாக அடுக்கி, காய்ச்சி அடித்து, மடித்து, கடைசியில் அமிலத்தில் முக்கி அலை தெரிய வைப்பது. நல்ல கைக்காரர் செய்தால் நல்ல கத்திதான், விலை நூற்றுக்கணக்கில் போகும். முப்பது டாலருக்கு வருகிற டமாஸ்கஸில் அலை மட்டும்தான் உத்தரவாதம். அலமாரியில் வைக்க வாங்குங்கள்.

10. பிடி மரமா, ரப்பரா, மான்கொம்பா?

கொம்புப்பிடி பார்க்க அழகு. நான் ரப்பர் கட்சி. நவம்பரில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி சாதாரணம். வெறும் உலோகப் பிடி கையில் ஒட்டுகிற மாதிரி கடிக்கும். கொழுப்பு பட்ட கையில் மெருகேற்றிய மரம் வழுக்கும். சொரசொரப்பான ரப்பரும் பிளாஸ்டிக்கும் அந்த நேரத்தில் தெய்வம்.

இன்னொன்று நிறம். பழுப்புப் பிடி, பச்சைப் பிடி எல்லாம் ஓக் சருகில் விழுந்தால் போச்சு. மானை இழுக்கும் அவசரத்தில் கீழே வைத்துவிட்டு வந்த கத்தியைத் தேடி டார்ச்சோடு திரும்பப் போன இரவுக்குப் பிறகு, என் கத்திகள் எல்லாவற்றிலும் ஆரஞ்சு டேப் இரண்டு சுற்று இருக்கும்.

11. என் கை சின்னது. இடது கைப் பழக்கம் வேற. எனக்குன்னு ஏதாவது இருக்காண்ணா?

அலகுக்கு இடது வலது கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே சரிவாகத் தீட்டியதை வாங்குங்கள். இடது வலது பார்க்கவேண்டியது உறையில்தான். சில உறைகள் வலது இடுப்புக்கு மட்டுமே ஆகும். பிடியைக் கடையில் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். நான்கு விரலும் உட்கார்ந்து, பின்னால் சுண்டுவிரல் அகலம் மிஞ்சினால் சரி. பெரிய பிடியைச் சின்னக் கை இறுக்கிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

12. நம்ம ஊர் கறிக்கடை பாய் பத்து நிமிஷத்துல ஆட்ட உரிச்சிடறாரு. எனக்கு மானுக்கு ஒன்றரை மணி நேரம். கத்தி சரியில்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். பாய் கையைக் கவனித்திருக்கிறீர்களா? சிறுவயதில் ஞாயிறு காலையில் தூக்குப்பாத்திரத்தோடு நின்று நான் பார்த்ததெல்லாம் அதுதான். கத்தி அவர் வாயில் கவ்வியபடி இருக்கும், அல்லது பலகையில் கிடக்கும். உரிப்பது முஷ்டி. பின்னங்காலைச் சுற்றி ஒரு கீறல், தொடையின் உள்பக்கம் ஒரு கோடு. அப்புறம் இடது கை தோலை இழுக்க, வலது முஷ்டி தோலுக்கும் கறிக்கும் நடுவில் இறங்கித் தள்ளும். வெள்ளைச் சவ்வு பளபளவென்று விரிந்துகொண்டே வரும். எங்கே ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறதோ, அங்கே மட்டும் கத்தி ஒரு தொடு தொடும்.

மானுக்கும் அதே முறைதான். பின்னங்காலில் குதிநரம்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் கொக்கியை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அங்கே இங்கே ஒன்றுதான். வித்தியாசம் சூட்டில். பாய் அறுத்த கையோடு உரிக்கிறார். உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும்போது தோல் சட்டை மாதிரி கழன்றுவரும். நாம் மானைக் காட்டிலிருந்து இழுத்து, வண்டியில் ஏற்றி, டீ குடித்து, மறுநாள் காலை உரிக்கலாம் என்று மரத்தில் தொங்கவிட்டுவிடுகிறோம். ராத்திரிக் குளிரில் மான் கொழுப்பு மெழுகுவத்தி மாதிரி இறுகி, தோலும் விறைத்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கத்தி வேண்டியிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்?

அதனால் அன்றைக்கே உரித்துவிடுங்கள். கத்தியை எடுக்கவேண்டிய இடங்கள் வாலடி, விலாவின் ஓரம், கழுத்து. விலாவில் தோலோடு ஒரு மெல்லிய கறித்தாள் சேர்ந்து வரப்பார்க்கும். அங்கே வாயைத் தோல் பக்கம் சாய்த்து மெல்லத் தொடணும். கழுத்தில் முஷ்டி செல்லாது, பொறுமைதான் செல்லும். இங்கே சிலர் கழுத்துத் தோலுக்குள் கோல்ஃப் பந்தை வைத்துக் கயிற்றால் முடிந்து வண்டியில் கட்டி இழுப்பார்கள். ஒரே இழுப்பில் தோல் வந்துவிடும், பார்க்கவும் வேடிக்கைதான். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

13. பாதி மான்லயே கத்தி மொட்டை ஆயிடுது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் கத்தி மேல் தப்பில்லை. மயிரின் மேல் வெட்டுகிறீர்கள். மான் மயிரில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து உள்ளே அறுத்தால் உப்புத்தாளை அறுக்கிறமாதிரி. முதல் கீறலுக்குப் பிறகு எல்லா வெட்டும் உள்ளிருந்து வெளியே, வாய் மேல்நோக்கி. கறியில் மயிர் ஒட்டுவதும் பாதியாகக் குறையும்.

அடுத்த காரணம் எலும்பு. இடுப்பெலும்பைப் பிளக்கவும் கால் மூட்டைத் திருகவும் அந்தச் சின்னக் கத்தியைப் படுத்தாதீர்கள். பத்து டாலருக்கு ஒரு சின்ன எலும்பு ரம்பம் கிடைக்கிறது.

14. கையை வெட்டிக்காம இருக்க என்ன பண்றது?

வெட்டிக்கொண்டவன் சொல்கிறேன். மூன்றாவது வருஷம், இருட்டு. நெஞ்சுக்கூட்டுக்குள் இடது கையால் தொண்டைக்குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கண்ணுக்குத் தெரியாமல் அறுத்தேன். அறுபட்டது என் இடது கட்டைவிரல். சூட்டில் வலியே தெரியவில்லை. வெளியே எடுத்தபிறகுதான் அது யார் ரத்தம் என்று தெரிந்தது. நாலு தையல்.

இடது கையில் வெட்டுத்தாங்கும் கையுறை, அதன்மேல் மெல்லிய ரப்பர் கையுறை, நெற்றியில் விளக்கு. கத்தியைக் கீழே வைப்பதென்றால் உறைக்குள் வையுங்கள். மான் மேல் குத்தி வைப்பது, வாயில் கவ்வுவது இதெல்லாம் பாய்க்குப் பழக்கம், நமக்கு வேண்டாம்.

15. தீட்டறது எப்படி? யூடியூப் பார்த்து கத்தியே கோணிப்போச்சு.

இரண்டு பக்கம் உள்ள ஒரு கல் போதும், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 (கல்லின் சொரசொரப்பைச் சொல்கிற நம்பர், கூடக் கூட நைஸ்). ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு. அளக்கக் கருவி வேண்டாம். கத்தியை நேராக நிறுத்தினால் 90, பாதி சாய்த்தால் 45, அதிலும் பாதி 22. போதும். சாய்வு சரியா என்று தெரிய, வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி நாலு இழுப்பு இழுங்கள். மை முழுக்கப் போனால் சரி. மேலே மட்டும் போனால் ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள். நுனியில் மட்டும் போனால் ரொம்ப நிமிர்த்திவிட்டீர்கள்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விரலில் பிசிறு தட்டும். வாய் முழுக்கப் பிசிறு வந்தபிறகுதான் பக்கம் மாற்றணும். அதுவரை பொறுமை இல்லாமல் மாற்றி மாற்றி இழுப்பதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், வாய் பின்னால் வரும்படி பத்து இழுப்பு. கண்ணாடி மாதிரி மெருகேற்ற வேண்டியதில்லை. தோலுக்கும் சவ்வுக்கும் கொஞ்சம் கரகரப்பான கூர்தான் நன்றாகப் பிடித்து அறுக்கும். காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்தால் நிறுத்திவிடலாம். உரிக்கும்போது நடுவில் கல் இல்லையா? காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அதில் நாலு இழுப்பு. நம் ஆத்தாக்கள் அம்மிக்கல்லின் ஓரத்தில் தீட்டியது இதே வித்தைதான்.

16. சக்கரத்துல வெச்சு சாணை பிடிச்சு குடுத்தா வேகமா முடிஞ்சிடாதா?

முடிந்துவிடும், கத்தியும் சேர்ந்து. சைக்கிள் சக்கரத்தை மிதித்துச் சாணை பிடித்தவர் மெதுவாகச் சுற்றினார், நடுவில் தண்ணீரும் தெளித்தார். மோட்டார் சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். அலகில் நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கரி எஃகில் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. 8-இல் சொன்ன தோய்ச்சல் அங்கே இனி இல்லை. எத்தனை தீட்டினாலும் ஒரு மானுக்குள் மடிந்துவிடும்.

17. சிடபிள்யூடி நோய் உள்ள மானா இருந்தா கத்தில ஒட்டிக்குமாமே? வெந்நீர்ல கழுவினா போதுமா?

போதாது. சிடபிள்யூடி என்றால் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ், மானின் மூளையைத் தின்னும் நோய். விஸ்கான்சினில் 2002-இல், மேடிசனுக்குத் தென்மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். காரணம் கிருமி அல்ல, ப்ரியான் என்கிற கோணிய புரதம். கொதிக்க வைத்தாலும் சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான பதிவு இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிடாதீர்கள் என்பதுதான் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. மாநில வனத்துறை இலவசமாகவே சோதித்துத் தருகிறது. முடிவு வரும்வரை கறியைப் பெயர் எழுதி ஃப்ரீசரில் தனியாக வையுங்கள்.

கத்திக்கு வழி வீட்டு பிளீச். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளில் சோதித்தார்கள். நாற்பது சத பிளீச்சில் ஐந்து நிமிஷம் ஊறினால் மேலே ஒட்டியிருக்கும் ப்ரியான் செயலிழந்துவிட்டது. இரண்டு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர். ஆனால் சதைத்துணுக்குக்குள் பிளீச் இறங்காது. முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஊறவிடணும். கரி எஃகாக இருந்தால் ஊறி முடிந்ததும் உடனே அலசித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் பிளீச்சே கத்தியைத் தின்றுவிடும். 6-ஆம் பதிலில் மடக்குக் கத்தியைப் பற்றி முணுமுணுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மூளை, தண்டுவடம் பக்கம் இந்தக் கத்தியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

18. மான் தலையை சுவத்துல மாட்டணும். அதுக்கு வேற கத்தியா?

கண், உதடு, காது ஓரம் எல்லாம் உரிக்க இரண்டரை அங்குலத்துக்குச் சின்ன, கூர்முனைக் கத்தி உண்டு. ஆனால் அது பாடம் செய்பவரின் வேலை. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், கழுத்தை முன்பக்கம் கீறாமல் விடுவது. தோள்பட்டைக்குப் பின்னால் சுற்றிலும் வெட்டி, தோலைத் தலையோடு அப்படியே கொடுத்துவிடுங்கள். கழுத்தில் கீறிக் கொண்டுபோனவரிடம் என் ஊர்ப் பாடம் செய்பவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

19. ஊருக்குப் போறப்ப மாமாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போலாமா?

கைப்பையில் கூடவே கூடாது. செக்-இன் பெட்டியில், உறையோடு, துணியில் சுற்றி. நம் ஊர் ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு அங்குலக் கத்தி அதில் வராது. கொம்புப்பிடி மட்டும் வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் மான்கொம்பு வைத்திருப்பதே வம்பு. "இது அமெரிக்க மான் சார்" என்று சென்னை விமான நிலையத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு யார் விளக்கிக்கொண்டிருப்பது? அங்கே வேட்டை சட்டப்படி குற்றம் என்பது மாமாவுக்கும் தெரியும். கிடாவெட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

20. எல்லாம் சரி. உங்க கத்தி எது? நேரா சொல்லுங்க.

ஸ்வீடன் நாட்டு மோரா. பத்து செ.மீ. அலகு, துருப்பிடிக்காத எஃகு, ரப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை. வாங்கும்போது இருபது டாலர் கூட இல்லை. வளைவு கொஞ்சம் குறைவுதான், ட்ராப் பாயிண்ட் என்றும் கறாராகச் சொல்ல முடியாது. 4-இல் நான் சொன்னதற்கு நானே முழுசாகக் கட்டுப்படவில்லை. ஆனால் அதன் சரிவு அகலமாக இருப்பதால் கல்லில் அப்படியே படுக்க வைத்துத் தீட்டலாம், 15-இல் சொன்ன சாய்வுக் கணக்கே வேண்டாம். தொலைந்தால் அழமாட்டேன் என்பதால் பயமில்லாமல் உழைக்கவும் விடுகிறேன்.

எஸ்30வி கத்தி ஒன்றும் இருக்கிறது, மனைவி வாங்கித் தந்தது. கழுவித் துடைத்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். போன நவம்பரில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன், மான் வரவில்லை.